தாலி ஏறட்டும், அப்புறம் சொல்லுங்க

வெள்ளைக்காரன் மூட்டை கட்டுவதற்கு முந்தின வருஷம் நடந்தது இது. அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டில் அப்போது எங்கள் வீடு. இன்றைக்கு அங்கே போய் நின்றால் எது எங்கள் களம், எது மாட்டுக் கொட்டகை என்று எனக்கே அடையாளம் தெரியாது. அன்றைக்கு ஏரித் தண்ணீரை நம்பி நெல் போட்டுப் பிழைத்த குடும்பம் நாங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமை அதிகம். பிறவிக் குணம். வயதானால் போய்விடும் என்றார்கள், எங்கே போயிற்று? அந்தப் பொறாமையில் முக்கால்வாசி ஒருத்தியைப் பார்த்துத்தான். என் கொழுந்தனின் பெண்டாட்டி, என் ஓரகத்தி.

நான் நசரத்பேட்டையிலிருந்து மூத்த மருமகளாக வந்தவள். மாமனார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். மாமியார், என் வீட்டுக்காரர், அவருடைய தம்பி, அவ்வளவுதான் வீடு. இரண்டு வருஷம் நான் ஒருத்தியே ராணி. அப்புறம் இவள் வந்தாள். கருப்புதான், ஆனால் முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். நடவுக்குப் போனால் இவள் பாட்டெடுத்துக் கொடுத்தால்தான் மற்ற பெண்களுக்குக் கை ஓடும். என்னைப் பார்த்தால் காலால் உதைக்கும் மாடு, இவள் போய் உட்கார்ந்தால் சாதுவாகப் பால் விடும். மாமியார் தயிரில் ஆடையை யாருக்குப் போடுகிறாள் என்று நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சாப்பிட்ட காலம் அது.

யுத்தம் வந்தது. பட்டாளத்தில் கூலி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், சம்பளம் நிறைய என்று கேட்டு, அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒன்றாகப் போய்ப் பெயர் கொடுத்தார்கள். தம்பிக்குக் கல்யாணமாகிக் கழுத்து மஞ்சள் கூடக் காயவில்லை. கிளம்பும்போது நான் ஒரு வெள்ளிக் காப்பை ஏரிக்கரை அம்மன் காலடியில் வைத்து எடுத்து வந்து என் வீட்டுக்காரர் கையில் போட்டேன். "இத்தக் கழட்டக் கூடாது" என்றேன். அவரும் தலையை ஆட்டினார். கப்பல் சிங்கப்பூருக்குப் போனது. கொஞ்ச நாளில் அந்த ஊர் சப்பான்காரன் கைக்குப் போய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் அம்மனிடம் போனோம். செவ்வாய், வெள்ளி தவறாமல் போனோம். நான் எல்லோரையும் போல வேண்டினேன். அவரைக் கொண்டுவந்து விடு, கூழ் ஊற்றுகிறேன், தீ மிதிக்கிறேன், அங்கப் பிரதட்சணம் செய்கிறேன் என்று போகப் போக விலையை ஏற்றிக்கொண்டே போனேன். இவள் ஒன்றும் தருகிறேன் என்று சொல்லமாட்டாள். சொந்த அம்மாவிடம் கேட்கிற மாதிரி, "ரெண்டு பேரையும் கொண்டாந்து உடு தாயே" என்று சொல்லிவிட்டு விபூதியை இட்டுக்கொண்டு நடந்துவிடுவாள். வழியில் என்னிடம் அவரைக்காய் விலையைப் பற்றிப் பேசுவாள். அவளுடைய இந்த நிம்மதி எனக்கு அப்போதே உறுத்தியது.

யுத்தம் முடிந்தது. பூந்தமல்லிப் பக்கத்து ஆள் ஒருவர் எங்கள் வீட்டுக்காரர்களோடு ஒரே கூட்டத்தில் இருந்தவர். எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"சயாம் காட்டுல ரயில் ரோடு போட இட்டுகினு போனானுங்க. அங்க காய்ச்சல் கண்டவங்கள ஒரு கொட்டாய்ல போட்டு வெச்சிருந்தாங்க. ஒரு நாள் விடிஞ்சி போய்ப் பாக்கறேன், கைல வெள்ளிக் காப்பு போட்ட அண்ணன் பொணமா கெடக்கறாரு. தம்பிய வேற எடத்துக்கு லாரில ஏத்திகினு பூட்டாங்கன்னு சொன்னாங்க" என்றார்.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே அச்சு. காய்ச்சலில் கிடந்து தாடி வளர்ந்த முகத்தில் யார் யாரென்று தெரியாது. ஆனால் காப்பு தெரியுமே. நான் போட்டு அனுப்பிய காப்பு. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

உடம்பு இல்லாததால் ஐயர் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து ஏரிக்கரையில் கொளுத்த வைத்தார். பதினாறாம் நாள் என் வளையலை உடைத்துத் தாலியை வாங்கினார்கள். அந்தப் பதினாறு நாளும் இவள்தான் எனக்குக் கஞ்சி ஊட்டினாள், தலை வாரிவிட்டாள். ஆனால் அதெல்லாம் முடிந்த பிறகு, ஒரே வீட்டில் ஒருத்தி வெறும் நெற்றியோடும் இன்னொருத்தி குங்குமமும் பூவுமாகவும் இருப்பது என்னவென்று, இருந்தவளுக்குத்தான் தெரியும். அவள் குளித்துவிட்டு வந்தால் நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். எங்காவது நல்ல காரியத்துக்கு அவள் கிளம்பினால் எதிரில் வராமல் ஒதுங்க வேண்டும். மாமியாரும் தாலி இழந்தவள்தான். "நானும் இப்பிடித்தாண்டி ஒதுங்குனேன்" என்பாள். அது எனக்கு ஆறுதலாக இல்லை. நான் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். கும்பிட்டது போதும் என்று ஆகிவிட்டது.

இவள் நிறுத்தவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கொல்லைப்பக்கம் வறட்டி தட்டிவிட்டு உள்ளே வருகிறேன். சாமி மாடத்துக்கு முன்னால் இரண்டு அகல் ஏற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "ரெண்டு பேரையும் கொண்டாந்து உடு தாயே" என்று அதே பாட்டு.

எனக்கு வந்த கோபத்தில் ஒரு விளக்கைக் கையால் தட்டிவிட்டேன். எண்ணெய் தரையெல்லாம் ஓடிற்று.

"காரியம் பண்ணியாச்சி, கழுத்த மொட்டையாக்கியாச்சி. செத்தவருக்கு இன்னாத்துக்குடி வெளக்கு? என்னக் கேலி பண்றியா?"

அவள் பயப்படவில்லை. எண்ணெயைத் துணியால் துடைத்தாள். "செத்துட்டாருன்னு அந்த ஆளுதானக்கா சொன்னாரு. அவ சொல்லலியே" என்று மாடத்தைக் காட்டினாள்.

எனக்காக வேண்டுகிறாளே என்று நான் உருகிவிட்டதாக நினைக்காதீர்கள். என் புருஷனுக்காக வேண்டிக்கொள்ள இவள் யார் என்று வயிறு எரிந்தது. தனக்குக் கிடைக்கப்போகிறது என்ற தைரியம், அதனால்தான் எனக்கும் சேர்த்துத் தாராளமாகக் கேட்கிறாள் என்று நினைத்தேன். மறுபடி அவள் அந்த இரண்டாவது விளக்கை ஏற்றினாள். நான் கொல்லைப்பக்கமே திரும்பிப் போனேன்.

மழை தொடங்குகிற சமயத்தில் ஒரு நாள், அம்பத்தூரிலிருந்து துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர் ஒருவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். ரங்கூன், சிங்கப்பூர் பக்கமிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கப்பல் வந்திருக்கிறதாம். இறங்கினவர்களைக் கூப்பிடும்போது மேனாம்பேடு, இன்னார் மகன் என்று எங்கள் மாமனார் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்களாம். கூட்டத்தில் ஆளைப் பார்க்க முடியவில்லையாம்.

"ஒரே ஆளுதானா?" என்று மாமியார் கேட்டாள்.

"ஒரே ஆளுதாம்மா. சோதனையெல்லாம் முடிஞ்சி நாளைக்கு ரயில்ல வந்துடுவாரு."

அந்த நாளை நான் எப்படிச் சொல்வேன்! மாமியார் தரையில் விழுந்து கும்பிடுகிறாள். ஊரே வாசலில் நிற்கிறது. இவளைக் கட்டிக்கொண்டு பெண்களெல்லாம் சிரிக்கிறார்கள், ஒருத்தி கன்னத்தைக் கிள்ளுகிறாள். நான் மாட்டுக் கொட்டகையில் சாணி வாரிக்கொண்டிருந்தேன். அந்த ரயில் தடம் புரண்டால் என்ன என்று கூட ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அவ்வளவு எரிச்சல். அம்மன் கோயில் வாசலில் இரண்டு பேரும் ஒரே மாதிரி நின்றோம், ஒரே மாதிரி கை கூப்பினோம். அவளுக்கு மட்டும் எப்படி?

மறுநாள் வண்டி கட்டிக்கொண்டு அவளும் மாமியாரும் ஊர்க்காரர்களும் அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் போனார்கள். அவள் கல்யாணப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். என்னையும் கூப்பிட்டாள். வருகிறவருக்கு முதலில் என் முகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது நல்ல மனசில் சொன்னதில்லை.

கொல்லையில் நெல் புழுங்கிக்கொண்டிருந்தது. வண்டிச் சத்தம் கேட்டது. குலவை கேட்கவில்லை. பேச்சுச் சத்தம் கூடக் கேட்கவில்லை. என்னவோ என்று எழுந்தேன். வீட்டுக்குள்ளே யாரோ ஓடி வருகிற சத்தம். இவள்தான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, மூஞ்சக் கழுவு. ஒன் ஊட்டுக்காரரு வந்துகீறாரு."

எனக்குப் புரியவில்லை. இவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"ஒன் ஊட்டுக்காரருதான்கா. உசுரோட கீறாரு. வா." அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டும் இருந்தது. தான் அழுவதே அவளுக்குத் தெரியவில்லை.

வாசலுக்குப் போனேன். தெருவில் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். நரைத்த தாடி, சட்டைக்குள் ஆளே இல்லாத மாதிரி உடம்பு. ஆனால் அவர்தான். என் வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டு அப்படியே தலையைக் குனிந்துகொண்டார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடிப் போய்த் தொடவும் முடியாது. காரியம் பண்ணி முடித்த ஆள் அவர். வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்று பெரியவர்கள் தடுத்து நிறுத்தியிருந்தார்கள்.

ஐயருக்கு ஆள் போனது. வந்தார். எல்லாவற்றையும் கேட்டார்.

"உயிரோட இருக்கறவனுக்குக் கர்மா பண்ணியாச்சு. இனிமே இவன் புதுசாப் பொறந்துதான் உள்ளே வரணும். தொட்டில்லேர்ந்து எல்லாம் மறுபடி. அப்புறம் இவளுக்கே தாலி கட்டணும். நாளைக்கு முகூர்த்த நாள்தான்" என்றார்.

அப்போதுதான் மாமியார் வாயைத் திறந்தாள். "டேய், தம்பி எங்கடா?"

அவர் தலையை நிமிர்த்தினார். உதடு பிரிந்தது.

"மாமா, சொல்லாதீங்க!" என்று இவள் குறுக்கே வந்து நின்றாள். புருஷனின் அண்ணனான மச்சாண்டார் முன்னால் குரலை உயர்த்திப் பேசாதவள் அவள். "அத்தே, நீங்களும் கேக்காதீங்க. அக்கா கழுத்துல தாலி ஏறட்டும், அப்புறம் சொல்லுங்க. எனக்கு இன்னும் யாரும் ஒண்ணும் சொல்லல."

தெருவில் நின்ற எல்லோருக்கும் விளங்கிவிட்டது. சாவுச் சேதி காதில் விழுந்துவிட்டால் வீட்டுக்குத் தீட்டு. தீட்டு கழிந்தாலும் வருஷம் திரும்பும்வரை கல்யாணக் காரியம் எதுவும் அந்த வீட்டில் நடக்காது. அதுவரை அவர் தெருவிலும் நான் கொல்லையிலும் கிடக்க வேண்டியதுதான். இன்னொன்றும் இருந்தது. எனக்குப் பொட்டு வைத்துப் பூ முடிக்க அந்த வீட்டில் இருந்த ஒரே சுமங்கலி இவள். அவர் வாயைத் திறந்தால் அதுவும் போய்விடும்.

மாமியார் அவளையே பார்த்தாள். பெற்ற பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று கேட்கக்கூடாது என்றால் எந்தத் தாய் பொறுப்பாள்? ஆனால் பொறுத்தாள். வைக்கோல் போருக்குப் பின்னால் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து வந்து கல்யாணத்துக்கு அரிசி புடைக்க ஆரம்பித்தாள்.

அவர் அன்று வேப்பமரத்தடியில் தங்கினார். மறுநாள் காலையில் ஐயர் அவரைக் குழந்தையைப் போல உட்காரவைத்துக் குளிப்பாட்டினார். மாமியார் அந்தத் தாடிக்காரரின் காதில் மூன்று தரம் பெயர் சொன்னாள். சுற்றி நின்ற பெண்கள் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன்.

உள்ளே இவள் எனக்கு மஞ்சள் பூசினாள். காலுக்கு நலங்கு வைத்தாள். வளையல் போட்டுவிட்டாள். தலைக்கு அவள் வைத்த பூவில் பாதி, நேற்று அவள் ஸ்டேஷனுக்குப் போக வாங்கிய பந்திலிருந்து எடுத்தது. நெற்றியில் குங்குமம் வைக்கும்போது அவள் விரல் ஆடவில்லை. நான்தான் ஆடினேன். "அசையாம இருக்கா, கோணிக்கப் போவுது" என்று அதட்டினாள். அவள் நெற்றியிலும் அன்றைக்குப் பெரிதாக ஒரு குங்குமம் வைத்திருந்தாள். அதற்குச் சாயங்காலம்வரைதான் ஆயுள் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

தாலி ஏறியது. ஒருவனுக்கே இரண்டாம் முறை கழுத்தை நீட்டியவள் நான். மூன்றாம் முடிச்சைப் போட வேண்டிய நாத்தனார் எங்களுக்கு இல்லை, இவள்தான் போட்டாள். அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். என்னை அல்ல, அவளை. கோயிலில் சாமியைப் பார்க்கிற பார்வை. மணவறையில் உட்கார்ந்துகொண்டே எனக்குச் சுருக்கென்றது. எதற்கு என்று கேட்காதீர்கள். அந்த நிமிஷத்திலும் அவள்தான் என்னைவிட ஒரு படி மேலே நின்றாள்.

சாப்பாடு முடிந்து இலை எடுத்தார்கள். அவள் கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்து எங்கள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். மாமியார் அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லுங்க மாமா."

சொன்னார். காய்ச்சல் தம்பிக்குத்தான் வந்தது. அண்ணி அம்மன் காலில் வைத்து எடுத்தது, இது உன்னைக் காப்பாற்றும் என்று காப்பைக் கழற்றித் தம்பி கையில் போட்டிருக்கிறார். விடிவதற்குள் தம்பி அவர் மடியிலேயே போய்விட்டான். புதைக்கக்கூட விடாமல் இவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பூந்தமல்லிக்காரர் வந்து பார்த்தது அதற்குப் பிறகு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"தாகத்தோட போனாரா?"

"இல்லம்மா. நான் தண்ணி குடுத்தேன்."

அதன் பிறகுதான் அழுதாள். அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அவள் வளையலை உடைக்க வந்தவர்களிடம், யாரும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு நானே கழற்றினேன். என் கையில் அவள் போட்ட புது வளையல் குலுங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, "கோயிலுக்குப் போவலாம் வாக்கா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போனோம். வெறும் நெற்றியோடு அவள் அம்மன் முன்னால் நிற்கிறாள், கை கூப்பியிருக்கிறாள். எனக்குத்தான் தாங்கவில்லை.

"இன்னும் இன்னாடி கீது இவகிட்ட? வருசக்கணக்கா வேண்டுனவ நீ. வேணாம்னு தூக்கிப் போட்டவ நான். எனக்குக் குடுத்துட்டு ஒனக்கு இல்லன்னுட்டாளே, இவ இன்னா சாமி?" என்று கோயில் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன்.

அவள் விபூதியை எடுத்து எனக்கு இட்டுவிட்டுத் தானும் இட்டுக்கொண்டாள்.

"ரெண்டு கேட்டேன்கா. நடக்கவே நடக்காதுன்னு எல்லாரும் சொன்னதக் குடுத்தா. நடந்துடும்னு நெனச்சத வெச்சிகினா. ஏன்னு இவளத்தான கேக்கணும்? வேற யாருக்குத் தெரியும்? கேட்டுகினே கீறேன். சொல்லாமயா பூடுவா?"

சொல்லிவிட்டு நடந்தாள். வழியில் அவரைக்காய் விலையைப் பற்றிப் பேச முயன்றாள், குரல் பாதியில் நின்றுவிட்டது. நான் பேச்சைத் தொடர்ந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு மூன்று பிள்ளைகள். பெற்றது நான் என்றாலும் காய்ச்சல் என்றால் சின்னம்மா மடிக்குத்தான் ஓடும், அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன். என் வீட்டுக்காரர் நிறைய வருஷம் இருந்து நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார். அவளும் போய்விட்டாள். கடைசி வெள்ளிக்கிழமைவரை அவள் கோயிலுக்குப் போனாள். அம்மன் பதில் சொன்னாளா என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. என் கதையைக் கேட்டவர்களெல்லாம் உன் மேல்தான் சாமிக்கு எத்தனை கருணை என்கிறார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டுகிறேன். ஆனால் கேட்டது கிடைத்த பிறகு கும்பிட யாராலும் முடியும். கை வெறுமையாகத் திரும்பி வந்த வாசலிலேயே மறுபடி போய் நம்பிக்கையோடு நிற்க முடிந்ததே அவளால், அந்த ஒன்றை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பொறாமையாகத்தான் இருக்கிறது.